16 வருடம் நின்ற புல்லட்டை வீட்டிலேயே எழுப்புகிறேன்: 12 வோல்ட், பவுடர் கோட், டிஸ்க் பிரேக், எது வேண்டும் எது வேண்டாம்?

#1 கிக்கர்போனவன்

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் 1976 புல்லட் 350. அவருக்கு முட்டி வலி வந்ததும் ஓரமாக நிறுத்தியது, 16 வருடம் ஓடிவிட்டது. போன ஞாயிறு போர்வையை உருவினேன். டேங்க் மூடியைத் திறந்தால் பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நெடி. கிக்கர் பாதி தூரம்கூட இறங்கவில்லை. மேலே ஏறி நின்றேன், அப்போதும் அசையவில்லை. டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது, காற்றுதான் இல்லை. ஒயரிங்கை எலி பங்கு போட்டிருக்கிறது.

என் ஆசைகள்: 6 வோல்ட்டை 12 வோல்ட் ஆக்க வேண்டும், பாயிண்ட்டை (பிளக்குக்குப் பொறி வர மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன், முன்னால் டிஸ்க் பிரேக், சேசிஸுக்குப் பவுடர் கோட் (பொடியைத் தூவி அடுப்பில் சுட்டு ஒட்டும் பூச்சு), டேங்க்குக்குப் புது பெயின்ட். நான் மெக்கானிக் இல்லை. பிளக் மாற்றத் தெரியும், செயின் இறுக்கத் தெரியும், அவ்வளவுதான். எங்கிருந்து ஆரம்பிப்பது?

#2 பழைய இரும்பு

முதலில் கிக்கரில் ஏறி நிற்பதை நிறுத்துங்கள் தம்பி. ரிங் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருக்கிறது. அது விடுவதற்கு முன்னால் கிக்கர் பல் போய்விடும். உங்கள் பெயரைப் பார்த்தால் ஏற்கெனவே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து உள்ளே அரை டம்ளர் ஊற்றுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம். பிளக் ஓட்டையைத் துணியால் மூடிவிட்டு மறந்துவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டுவதுதான், தள்ளுவது இல்லை. கிக்கரை விடச் சக்கரத்தில்தான் நெம்புதிறன் மென்மையாகக் கிடைக்கும்.

அதோடு அடியில் உள்ள வடிகால் பிளக்கைத் திறந்து விடுங்கள். இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் கிரேங்க்கேசுக்குள்ளேயே இருக்கிறது. வண்டி நின்றுகொண்டே இருந்தால் ஆயில் மெதுவாகப் பம்ப் வழியே கசிந்து சம்ப்பில் (கிரேங்க்குக்கு அடியில் உள்ள குழி) இறங்கிவிடும். அதைப் பார்க்காமல் கிக்கினால் தெருவே தெரியாத அளவுக்குப் புகை வரும்.

இன்னொன்று. 1976 வண்டியில் நட்டு போல்ட்டெல்லாம் பெரும்பாலும் விட்வொர்த், சைக்கிள் மரை என்ற பழைய பிரிட்டிஷ் அளவு வகை. உங்கள் மெட்ரிக் ஸ்பானர் “கிட்டத்தட்ட” பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலையைத் தின்றுவிடும். சரியான அளவு ஸ்பானர் செட் வாங்கிய பிறகு கை வையுங்கள். டைமிங் பக்க மூடியைத் திறந்தால் ஆயில் பம்ப்பை ஓட்டும் வார்ம் நட்டு இருக்கும். அது இடது மரை. வழக்கமான பக்கம் திருப்பி உடைத்தவர்கள் பட்டியலில் நானும் ஒருவன், 1991.

டயரில் பட்டன் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடுங்கள். 3407 என்றிருந்தால் 2007-இன் 34-வது வாரம் செய்தது. அந்த ரப்பர் இப்போது பலகை. தூக்கிப் போடுங்கள்.

#3 ரெண்டு_ஸ்ட்ரோக்

ஆயில் டேங்க், சம்ப், வார்ம் நட்டு, இடது மரை... எங்கள் வண்டியில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றினால் கதை முடிந்தது. வாழ்த்துகள் நண்பரே, நல்ல பொழுதுபோக்கு.

#4 பழைய இரும்பு

@ரெண்டு_ஸ்ட்ரோக் புகை பற்றி உங்களிடம் பேசிப் பயனில்லை.

#5 கிக்கர்போனவன்

ஆறாவது நாள் சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது! ஒன்பதாவது நாள் முழுச் சுற்று. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தேன், ரிங் நின்ற இடத்தில் துரு ஒரு வளையமாகக் கோடு போட்டிருக்கிறது. நகம் வைத்து இழுத்தால் தட்டுகிறது. லேத்துக்காரர் அளந்து பார்த்துவிட்டு, அடுத்த அளவுக்குப் போர் போட்டு (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி) புது பிஸ்டன் போட்டால் போதும், கிரேங்க் ஆட்டம் இல்லை என்றார். நம்பலாமா?

#6 பழைய இரும்பு

நகம் தட்டினால் போர் போடத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. கிரேங்க்கை நீங்களே பாருங்கள். கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுங்கள். பக்கவாட்டில் ஆடுவது சகஜம், மேல் கீழாக ஒரு துளி “டக்” வந்தாலும் பிக் எண்ட் (ராடின் அடிப்பக்க பேரிங்) போய்விட்டது. கையில் ஆயில் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள். விரலுக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரியாது.

கேஸை மணல் அடித்துப் பளபளப்பாக்க யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பொடி மணல் ஆயில் வழிக்குள் உட்கார்ந்தால், நீங்கள் செலவழித்த போர் 200 கிலோமீட்டரில் போச்சு. மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் போதும்.

#7 ஸ்பானர்13

டிஸ்க் பிரேக் பற்றி யாரும் பேசவில்லையே. கண்டிப்பாகப் போடுங்கள். நான் பின்னால் வந்த மாடலின் முன் போர்க்கை முழுதாக எடுத்து மாட்டினேன்: வீல், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், எல்லாம் ஒரே வண்டியிலிருந்து. பாதி அங்கே பாதி இங்கே என்று கலந்தால்தான் வம்பு.

#8 பழைய இரும்பு

18 குதிரைத் திறன் வண்டிக்கு டிஸ்க் எதற்கு? டிரம்மை ஒழுங்காக அமைத்தவர்கள் எத்தனை பேர்? நான் பார்த்த “பிரேக்கே பிடிக்காத புல்லட்” பத்தில் எட்டில் ஷூ கால்வாசிதான் டிரம்மைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஷூவில் சாக்பீஸ் தேய்த்துச் சக்கரத்தை மாட்டி, இரண்டு சுற்று சுற்றிப் பிரேக் பிடித்துக் கழற்றிப் பாருங்கள். சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும்தான் தொடுகிறது. மேடான இடத்தை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பாருங்கள். முழுக்க அழியும்வரை. அப்புறம் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே நட்டை இறுக்குங்கள். ஷூ தட்டு நடுவில் வந்து உட்காரும். இந்தக் கடைசி வேலைக்கு இரண்டு நிமிடம், ஆனால் இதைச் செய்கிறவர் அபூர்வம்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துத் தூசியைக் கிளப்பவே கூடாது. ஈரத் துணியால் துடைத்துத் துணியையும் மூடிக் கட்டிப் போட்டுவிடுங்கள். தேய்ப்பதையும் புது லைனிங்கில் செய்யுங்கள், பழையதில் வேண்டாம்.

#9 ஸ்பானர்13

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் நம் முன்னால் போகிற கார் 1976 கார் இல்லையே. அது டிஸ்க்கோடு நின்றுவிடுகிறது. நம் டிரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மழையில் முதல் முறை அழுத்தும்போது வயிறு கலங்குகிறது. அழகு வேறு, உயிர் வேறு.

#10 பழைய இரும்பு

மழை விஷயத்தில் மறுக்க மாட்டேன். ஆனால் வண்டியை ஓட்டிப் பார்க்காமலே மாற்றாதே என்றுதான் சொல்கிறேன். ஆதாரமே இல்லாமல் ஆறு பாகத்தை மாற்றிவிட்டு, கோளாறு வந்தால் எந்தப் பாகம் என்று தேடும் கொடுமை எனக்குத் தெரியும்.

#11 மின்மினி

மின்சாரப் பக்கம் என் பொறுப்பு. கிக்கர்போனவன், 12 வோல்ட் மாற்றம் நல்ல முடிவு. காரணம் சின்னக் கணக்குதான். 36 வாட் பல்புக்கு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் ஓட வேண்டும், 12 வோல்ட்டில் 3 போதும். ஒயரில் வீணாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும், ஆகவே அதே ஒயரில் இழப்பு நான்கில் ஒரு பங்கு ஆகிவிடும். 50 வருடத்துச் சுவிட்சுகளுக்கு இது பெரிய ஓய்வு.

மாற்ற வேண்டியவை: பேட்டரி, எல்லாப் பல்பும் (ஹெட்லைட்டுக்கு மேல் உள்ள சின்ன டைகர் லாம்ப் உட்பட), ஹாரன், இண்டிகேட்டர் இருந்தால் ஃபிளாஷர், இக்னிஷன் காயில். கண்டென்சர் அப்படியே இருக்கலாம். ஆம்மீட்டரும் அப்படியே இருக்கலாம், அது ஓடும் ஆம்பியரை மட்டும்தான் காட்டுகிறது. எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் அமைப்பின் காயில் தொகுதியான பழைய ஸ்டேட்டர் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் (அந்த மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் பெட்டி) போடலாம். 6 வோல்ட் காயிலை 12-இல் வைத்தால் பாயிண்ட் கருகும், காயிலும் கொதிக்கும். அந்தத் தவறு மட்டும் வேண்டாம்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது சேசிஸோடு இணைத்த முனை. எலக்ட்ரானிக் பொருள் எதையும் மாட்டுவதற்கு முன்னால் உங்கள் வண்டியில் பேட்டரியின் எந்த முனை சேசிஸுக்குப் போகிறது என்று பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபையர் ஒரு நொடிகூடத் தாங்காது.

எலி தின்ற ஒயரிங்கை ஒட்டுப் போடாதீர்கள். புதிதாகக் கட்டுங்கள், ஃபியூஸ் சேர்த்து. எலக்ட்ரானிக் இக்னிஷன் அப்புறம் பார்க்கலாம்.

#12 கிக்கர்போனவன்

அக்கா, ஏன் எல்லோரும் எலக்ட்ரானிக்கை “அப்புறம்” என்கிறீர்கள்? பாயிண்ட் தொல்லை என்றுதானே எல்லா இடத்திலும் படித்தேன்.

#13 பழைய இரும்பு

தொல்லை பாயிண்ட்டில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் தண்டின் புஷ்ஷில். தண்டு ஆடினால் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறும். அதில் எலக்ட்ரானிக் மாட்டினாலும் தண்டு ஆடத்தான் செய்யும். முதலில் புஷ்ஷைப் பாருங்கள்.

பாயிண்ட் இடைவெளி 0.35-இலிருந்து 0.40 மில்லிமீட்டர். பொறி விழும் டைமிங் பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால், அட்வான்ஸ் (வேகம் கூடும்போது பொறியை முன்னதாக்கும் பகுதி) முழுதும் பின்வாங்கிய நிலையில். டேப்பட் (புஷ்ராட் வழியே வால்வைத் தள்ளும் பாகம்) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளியே இல்லாமல்: புஷ்ராட் விரலால் சுற்ற வேண்டும், மேல் கீழ் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால், இரண்டு உதையில் எடுக்காத புல்லட்டை நான் பார்த்ததில்லை.

பாயிண்ட் வைத்திருப்பதில் ஒரு வசதியும் உண்டு. சாவியைப் போட்டு மெதுவாகக் கிக்கரை இறக்குங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது ஆம்மீட்டர் முள் இடதுபக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். கிக்கர் இறுகி நிற்கிற இடத்தில் டீகம்ப்ரஸரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) இழுத்து முள் நடுவுக்கு வருகிறவரை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வர விட்டு, முழு வீச்சில் ஓர் உதை. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று வண்டியே முகத்தில் சொல்கிறது. இதைத் தெரியாமல் உதைப்பவர்களுக்குத்தான் கணுக்கால் போகிறது.

#14 கிக்கர்போனவன்

டேங்க் கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் துரு போய்விட்டது, கூடவே அடிப்பக்க மடிப்பில் ஊசித் துளையாக மூன்று இடம். கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய் வந்தால் உள்ளே மறுபடியும் ஆரஞ்சு நிறம்.

#15 ஸ்பானர்13

ஆசிட் துருவோடு நிற்காது, இரும்பையும் தின்னும். சிட்ரிக் ஆசிட் மெதுவாக வேலை செய்யும், தினமும் எட்டிப் பார்த்து நிறுத்தலாம். அதைவிடச் சுகம் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், ஒரு சாதாரண இரும்புக் கம்பி, பேட்டரி சார்ஜர். கம்பி டேங்க்கைத் தொடாமல் மூடி வழியே தொங்க வேண்டும். கம்பிக்குப் பாசிட்டிவ், டேங்க்குக்கு நெகட்டிவ். ஸ்டெயின்லெஸ் கம்பி மட்டும் வேண்டாம், தண்ணீரில் குரோமிய விஷம் கலக்கும். ஹைட்ரஜன் குமிழ் வரும், ஆகவே வெட்டவெளியில் செய்யுங்கள்.

மறுபடி ஆரஞ்சு வந்தது காய விட்டதால். சமையல் சோடாத் தண்ணீரில் அலசி ஆசிட்டை முறித்து, உடனே சூடான காற்றால் காயவைத்து, அந்தச் சூட்டிலேயே கொஞ்சம் ஆயில் விட்டு உருட்ட வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் துரு வந்துவிடும்.

துளையை அடைக்கப் பித்தளையை உருக்கி வைக்கும் ஒட்டுதான் சரி. உள்ளே பூசும் சீலர் பலவும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குவதில்லை. உரிந்து வந்து பெட்ரோல் குழாய்த் திருகை அடைக்கும், அப்புறம் அதைச் சுரண்டி எடுப்பது நரகம். ஒட்டு வைப்பதற்கு முன் டேங்க்கில் பெட்ரோல் ஆவி ஒரு துளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிக்கொண்டு செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்தான் புத்திசாலிகள்.

#16 கீறல்_இருக்கட்டும்

பெயின்ட் அடிக்கப் போகிறீர்களா? கொஞ்சம் யோசியுங்கள். டேங்க்கில் அப்பாவின் முட்டி தேய்த்துத் தேய்த்துக் கறுப்பு போய்ப் பிரைமர் தெரிகிற இடம் இருக்குமே, இரண்டு பக்கமும். அதை இனி யாராலும் அடிக்க முடியாது. தங்கக் கோடு கையால் இழுத்தது, ஒரு பக்கம் கொஞ்சம் தடித்திருக்கும். மெழுகு போட்டுத் தேய்த்து அப்படியே விடுங்கள். புது பெயின்ட் புல்லட் ஆயிரம் கிடைக்கும்.

#17 கிக்கர்போனவன்

டேங்க்கை நான் ஏற்கெனவே துளை போட்டுவிட்டேனே. பித்தளை ஒட்டு வைத்தால் அந்தப் பெயின்ட் நிற்குமா?

#18 கீறல்_இருக்கட்டும்

அடிப்பக்கம்தானே. மேலே ஈரச் சாக்கு போட்டுக்கொண்டு அடியில் ஒட்டு வைக்கச் சொல்லுங்கள். கருகினாலும் கைப்பிடி அளவுதான் கருகும், யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்.

#19 பழைய இரும்பு

டேங்க் விஷயத்தில் இவரோடு ஒத்துப்போகிறேன். சேசிஸ் வேறு. அதில் துரு உள்ளே போயிருக்கும், அடித்துத்தான் ஆக வேண்டும்.

பவுடர் கோட் கொடுக்கும் முன்னால் மறைக்க வேண்டியவை: ஸ்டீயரிங் பேரிங் உட்காரும் கிண்ணம், ஸ்விங் ஆர்ம் புஷ் ஓட்டை, எல்லா மரையும், முக்கியமாகச் சேசிஸ் எண். மணல் அடிப்பவர் எண் மேல் அடித்துவிட்டால் அல்லது பவுடர் அதை நிரப்பிவிட்டால், வண்டி உங்களுடையது என்று நிரூபிப்பதே பாடாகிவிடும். அடுப்பு 180, 200 டிகிரி வரை போகும். பட்டி பார்த்த இடம் எதுவும் தாங்காது, ஆகவே மட்கார்டைக் கொடுக்காதீர்கள்.

#20 கிக்கர்போனவன்

ஐந்து மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வண்டி ஓடுகிறது!

சேசிஸ், ஸ்டாண்ட், எஞ்சின் தட்டுகள், சின்ன பிராக்கெட் எல்லாம் கறுப்புப் பவுடர். டேங்க் பழையபடியே, கீறலோடு. எஞ்சினில் புது பிஸ்டன், பாயிண்ட்டை வைத்தேன், புஷ் மாற்றினேன். ஐயா சொன்ன ஆம்மீட்டர் வித்தை முதல் நாளே பலித்தது, மூன்றாவது உதையில் எடுத்தது. டிரம்முக்குச் சாக்பீஸ் வைத்தியம் ஆறு முறை செய்தேன். டிஸ்க்கைப் பிறகு பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

12 வோல்ட்டுக்கு மாற்றியாகிவிட்டது: 60 வாட் ஹெட்லைட், புது ஹாரன், புது ரெகுலேட்டர், ஒயரிங் முழுக்கப் புதிது, நானே கட்டியது. இங்கேதான் சிக்கல். ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது. பிரேக் பிடித்தால் இன்னும் மங்குகிறது. ஹாரன் தொண்டை கட்டினவர் பேசுகிற மாதிரி. பகலில் விளக்கு இல்லாமல் ஓட்டினால் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பேட்டரி புதிது.

இன்னொரு சின்ன விஷயம், இதற்குச் சம்பந்தமில்லை: புதிதாகப் போட்ட கிளட்ச் கேபிள் நாளுக்கு நாள் கனமாகிக்கொண்டே போகிறது. இராத்திரி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் இரண்டு கையால் பிடிக்க வேண்டும் போல. நல்ல கேபிள் எது என்று சொன்னால் வாங்கிக்கொள்வேன்.

#21 ஸ்பானர்13

ஸ்டேட்டர் பழையது, அதான். 60 வாட் தாங்காது. பெரிய ஸ்டேட்டர் போடுங்கள்.

#22 ரெண்டு_ஸ்ட்ரோக்

எல்இடி பல்பு மாட்டினால் முடிந்தது. இதற்குப் போய் ஸ்டேட்டரா.

#23 மின்மினி

எதையும் வாங்காதீர்கள், அளந்துவிட்டு வாங்குங்கள். மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, ஹெட்லைட்டை எரியவிட்டு நான்கு இடத்தில் பாருங்கள்:

பேட்டரியின் இரண்டு முனைக்கும் இடையே.
ஹெட்லைட் பல்பின் இரண்டு முனைக்கும் இடையே.
பல்பின் மின் வரும் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே.
ஹெட்லைட் உட்கார்ந்திருக்கும் கூட்டின் வெறும் உலோகத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே.

கடைசி அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மீட்டர் பொய் சொல்கிறது என்று நினைக்காமல் அப்படியே எழுதுங்கள். பேட்டரி எர்த்தை எங்கே மாட்டினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

#24 கிக்கர்போனவன்

வரிசையாக: 13.8, 9.7, 13.3, 3.6.

பழைய எர்த் இருந்த சேசிஸ் காது பவுடருக்குள் போய்விட்டது, அதைச் சுரண்ட மனசு வரவில்லை. ஆகவே கியர்பாக்ஸ் ஸ்டட்டில், வெறும் உலோகத்தில் நன்றாக இறுக்கி மாட்டினேன்.

3.6 என்பது சரியா? மூன்று முறை பார்த்தேன்.

#25 மின்மினி

சரிதான், அதுதான் உங்கள் நோய். பேட்டரியில் 13.8 இருக்கிறது, ஆகவே ஸ்டேட்டரும் ரெகுலேட்டரும் நிரபராதி. போகிற வழியில் அரை வோல்ட் போகிறது, மன்னிக்கலாம். திரும்பி வருகிற வழியில் 3.6 போகிறது. மின்சாரம் பல்புக்குள் போய்விட்டது, வீட்டுக்குத் திரும்ப வழியில்லாமல் தவிக்கிறது. சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் எல்லா இடத்திலும் பவுடர் இருக்கிறது, அது முதல் தர மின்காப்பு.

ஆனால் 9.7 வோல்ட்டாவது பல்பு எரிகிறதே, அந்த மின்சாரம் எது வழியாகத் திரும்புகிறது?

#26 பழைய இரும்பு

அடக் கடவுளே. கிளட்ச் கேபிள்.

தம்பி, விளக்கு மங்குவதும் கிளட்ச் இறுகுவதும் ஒரே நோய். ஹெட்லைட் கூட்டிலிருந்து ஹேண்டில்பார், ஹேண்டில்பாரிலிருந்து கிளட்ச் லீவர், லீவரிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து எஞ்சின், அங்கிருந்து பேட்டரி. பின் விளக்கின் மின்சாரமும் சேசிஸ் வழியே முன்னால் வந்து, ஸ்டீயரிங் பேரிங்கைத் தாண்டி அதே கேபிளில்தான் இறங்குகிறது. பிரேக் பிடித்தால் இன்னும் மங்குவது அதனால்தான். கேபிள் சூடாகி உள்ளே இருக்கும் நைலான் லைனர் இளகிக் கம்பியைப் பிடிக்கிறது. இராத்திரி மட்டும் கனமாகிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், நான்தான் கேட்கவில்லை.

மறைக்க வேண்டியதற்கெல்லாம் பட்டியல் போட்ட நான் எர்த் காதை எழுத மறந்துவிட்டேன். குற்றம் என் பக்கம்.

#27 ரெண்டு_ஸ்ட்ரோக்

நிஜமாகவே கேட்கிறேன், செயின் வழியாகத் திரும்பக் கூடாதா? அதுவும் இரும்புதானே.

#28 மின்மினி

நல்ல கேள்வி. செயினில் ஒவ்வொரு பின்னிலும் ஆயில் படலம், அப்புறம் வீல் பேரிங்கில் கிரீஸ். தொடும், விடும், தொடும். கொஞ்சம் அதிலும் ஓடியிருக்கும். ஆனால் இறுக்கி இழுத்துக் கட்டிய கேபிளை விட நல்ல வழி அந்த வண்டியில் வேறு இருந்திருக்காது.

கிக்கர்போனவன், முதலில் சோதனைக்கு ஒரு தடித்த ஒயரை எடுத்து, ஒரு முனையை ஹெட்லைட் கூட்டிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் பிடியுங்கள். என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆனால் இப்போதைக்கு இராத்திரி வெளியே எடுக்க வேண்டாம்.

#29 கிக்கர்போனவன்

ஒயரின் முனை தொட்டதும் சுவர் வெளுத்துப்போனது! மஞ்சள் போய் வெள்ளை வெளிச்சம். ஹாரனை அமுக்கினேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

விளக்கை எரியவிட்டு ஒயரை எடுத்துவிட்டுக் கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் லீவர் பக்கம் கை வைக்க முடியவில்லை. இத்தனை நாள் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன், கையுறையால் தெரியவில்லை.

#30 மின்மினி

இப்போது நிரந்தரமாக. 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் இரண்டு. ஒன்று பேட்டரி நெகட்டிவிலிருந்து சேசிஸின் பழைய எர்த் காதுக்கு. காதின் உட்பக்கம் ஒரு நாணயம் அளவுக்குப் பவுடரைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முன்பே தடவினால் நடுவில் போய் உட்காரும். இரண்டாவது ஒயர் ஹெட்லைட் கூட்டிலிருந்து அதே காதுக்கு, ஸ்டீயரிங் திரும்பும்போது இழுபடாத நீளத்தில். ஸ்டீயரிங் பேரிங்கை எர்த்தாக நம்பவே வேண்டாம், அதில் கிரீஸ்தான் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஸ்டட்டில் இருப்பதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பின் மட்கார்டுக்கும் ஒரு சின்ன ஒயர் இழுத்துவிட்டால் பின் விளக்குக் கவலை தீர்ந்தது.

#31 கிக்கர்போனவன்

முடிந்தது. காதைச் சுரண்டும்போதுதான் மனசு வலித்தது, சீட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாது. இப்போது அந்த நான்காவது அளவு 0.08. பல்பில் 13.2.

#32 கீறல்_இருக்கட்டும்

கீறல் விழுந்தால்தான் வண்டி ஓடும் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

#33 ஸ்பானர்13

பெரிய ஸ்டேட்டர் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். டிஸ்க் பிரேக் பற்றிச் சொன்னதை வாங்கவில்லை.

பழைய கேபிளை வெட்டிப் பார்த்தீர்களா?

#34 கிக்கர்போனவன்

வெட்டினேன். லீவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில், வளைவு ஆரம்பிக்கிற இடத்தில் லைனர் மெழுகாக உருகிக் கம்பி இழைகளுக்கு நடுவே இறங்கியிருக்கிறது. நகத்தால் பிரிக்க முடியவில்லை. கீழ்ப் பாதி புத்தம் புதிது. புது கேபிள் மாட்டியதும் கிளட்ச் ஒரு விரலில் வருகிறது.

#35 பழைய இரும்பு

ஹேண்டில்பாரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற கேபிள் அது ஒன்றுதானா? ஆக்ஸிலரேட்டர் கேபிள் கார்புரேட்டருக்குப் போகிறது, டீகம்ப்ரஸர் கேபிள் ஹெட்டுக்குப் போகிறது. மின்சாரம் பங்கு போட்டுத்தான் போயிருக்கும். ஆக்ஸிலரேட்டர் கேபிளை இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். கிளட்ச் இறுகினால் கை வலிக்கும், அது இறுகினால் திருகியது திரும்பாது.

#36 கிக்கர்போனவன்

கழற்றினேன் ஐயா. மேலே இரண்டு விரற்கடை நீளத்துக்கு லைனர் பளபளவென்று ஒட்டியிருக்கிறது. இரண்டையும் மாற்றிவிட்டுத்தான் இனி சாவி போடுவேன்.